லாவினியாவின் புத்தகத்தில் இல்லாதவள்

மிச்சிகன் காட்டிலிருக்கும் டாமரக் ஊரில் லாவினியா ஹார்ட்வெல்லின் பேனாவுக்குத் தப்பியவர்கள் கிடையாது. பிலினா ஸ்ப்ரேகின் பன்றிக்கே அந்தப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. பீப்பாய்மேல் ஏறி நின்று நியாயம் பேசும் கடைக்காரர் பர்டிக்கு ஓர் அத்தியாயம். மாவு மில் ஆசா பெல்நாப் வாயைத் திறந்து பேசிக் கேட்டவர்கள் குறைவு, அவருக்கும் நாலு வரி உண்டு. ஆசாவின் வீட்டுக்காரி டார்க்கஸுக்குத்தான் ஒரு வரிகூட இல்லை. லாவினியாவோடு ஊரில் அதிகம் பழகியவள் அவள்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருக்க ஏன் இல்லை என்று ஊர் இரண்டு வருஷம் மண்டையைக் குடைந்துகொண்டது. டார்க்கஸ் அதைவிட அதிகமாகக் குடைந்துகொண்டாள்.

டார்க்கஸ் பிறந்தது வெர்மாண்ட் மலைப்பக்கம். நிலத்தில் கல்லைப் பொறுக்கி முடித்தபின் மண் மிச்சமிருந்தால் கிழங்கு போடலாம், அப்படிப்பட்ட பூமி. பதினேழு வயதில் அவளைத் தோல் பதனிடும் ரூஃபஸ் கேலுக்குக் கட்டிவைத்தார்கள். ரூஃபஸுக்குச் சர்ச்சில் முன்வரிசை இருக்கை, ஊரில் நல்ல பெயர். வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றினால் வேறு ஆள். ரொட்டி தீய்ந்துபோன ஒரு நாள், அவள் கையை நிலவறைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்து கோணலாகவே கூடியது. அப்பாவிடம் போய் அழுதாள். "புருஷன்னா முன்னப்பின்னத்தான் இருப்பான். நீ ரொட்டியைத் தீயாம சுடேன்" என்றார் அந்த மனிதர். பெற்ற அப்பன் சொல்கிற பேச்சா அது!

அடுத்த வசந்தத்தில், ஊரே மேப்பிள் மரத்துச் சாறு இறக்கிப் பாகு காய்ச்சக் காட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, டார்க்கஸ் கட்டின துணியோடு கிளம்பினாள். நடந்தும் வண்டியில் தொற்றியும் ஈரி கால்வாய்க்கு வந்து சேர்ந்து, அங்கே ஒரு படகில் சமையல் வேலைக்கு நின்றாள். அந்தப் படகில் இரண்டு மாவரைக்கும் கல்லோடு மேற்கே போய்க்கொண்டிருந்தவர் ஆசா. வழி முழுக்க அவர் பேசவேயில்லை, மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார், அவ்வளவுதான். படகை விட்டு இறங்கும் அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"மிச்சிகன் போறேன். மில்லு வைக்கப் போறேன். நீயும் வர்றியா?"

"எனக்குப் புருஷன் இருக்கான்."

ஆசா அவளுடைய கோணல் விரலைப் பார்த்தார். "அவன் அங்கதானே இருக்கான்?" என்றார்.

டாமரக்கில் கல்யாணச் சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி ஊர் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். கடனையோ மனைவியையோ மதச்சண்டையையோ பின்னால் விட்டுவிட்டுத்தான் எல்லாரும் இங்கே மரம் வெட்ட வந்தார்கள். ஆனாலும் டார்க்கஸுக்கு உள்ளூர உதறல்தான். ரூஃபஸ் தேடி வந்தால் சட்டம் அவன் பக்கம். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், ஆசா சிறைக்குப் போவார். வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலோரம் போய்ப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அப்படித்தான் வந்தது.

லாவினியா ஹார்ட்வெல் வந்த வருஷம் காய்ச்சலுக்குப் பேர்போன வருஷம். அவள் புருஷன் நியூயார்க்கில் கையிலிருந்ததையெல்லாம் போட்டு இங்கே சதுப்பு நிலத்தை வாங்கிவிட்டு, நகரம் எழுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். லாவினியா கொண்டுவந்த தகரக் குளியல் தொட்டியை இறக்கிவைத்த மறுநாளே பிலினா இரவல் வாங்கிப்போய்ப் பன்றிக் கறியை உப்பில் ஊறப்போட்டாள். எங்கள் ஊரில் இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சல்லடை, கத்திரிக்கோல், அடைகாக்கிற கோழி எல்லாம் வீடு வீடாகச் சுற்றும். லாவினியாவுக்கு இது புரியவே மூன்று மாதம் ஆனது. புரிந்த பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எதைப் பார்த்தாலும் "இது எதுக்கு? இதை ஏன் இப்படிச் செய்றீங்க?" என்று கேட்பாள். ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு பென்சில். கையில் கிடைத்த காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே இருப்பாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. இந்தப் பக்கத்து முறைக்காய்ச்சலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு நாள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கும், மறுநாள் ஒன்றும் நடக்காதது போல எழுந்து வேலை பார்க்கலாம். அதற்கடுத்த நாள் மறுபடி நடுக்கம். விருந்துக்கும் வழக்குக்கும் நாள் குறிக்கும்போதே, "அன்னிக்கு உனக்கு நடுக்க நாளா?" என்று கேட்டுக்கொள்வார்கள். டார்க்கஸுக்கும் லாவினியாவுக்கும் நாள் மாறி மாறி அமைந்தது. அவள் படுத்தால் இவள் எழுந்திருப்பாள். ஆகவே, இன்றைக்கு டார்க்கஸ் போய் ஹார்ட்வெல் வீட்டில் அடுப்பு மூட்டி, சோளக்கஞ்சி காய்ச்சி, லாவினியாவின் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுப்பாள். நாளைக்கு லாவினியா வந்து மில் வீட்டில் அதையே செய்வாள். அந்த இலையுதிர் காலம் முழுக்க இரண்டு வீடும் ஓடியது இப்படித்தான். ஆண்கள் இருவரும் எந்த வீட்டில் கஞ்சியோ அந்த வீட்டில் சாப்பிட்டார்கள்.

"நீங்க காய்ச்சுற கஞ்சி கட்டி தட்டிப்போகுது, மிசஸ் ஹார்ட்வெல். கோந்து மாதிரி இருக்கு" என்பாள் டார்க்கஸ் போர்வைக்குள்ளிருந்து.

"சாவுற மாதிரி நடுங்குறே, வாய் மட்டும் குறையலியே! முழுங்குடி. அப்புறம் இன்னொண்ணு, என்னை லாவினியான்னு கூப்பிடு."

ஒரு நடுக்க நாளில் டார்க்கஸ் பிதற்றினாள். பிதற்றல் அடங்கிக் கண் விழித்தபோது லாவினியா அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதம், விரலிடுக்கில் பென்சில்.

"ரூஃபஸ்னு ஒருத்தன்கிட்ட கதவைச் சாத்தாதேன்னு கெஞ்சினே. யாரு அது?" என்று கேட்டாள் லாவினியா.

டார்க்கஸுக்கு அப்போது பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. கோணல் விரலை நீட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ரூஃபஸ், நிலவறைக் கதவு, கால்வாய்ப் படகு, கல்யாணமில்லாமல் ஆசாவோடு நடத்தும் குடித்தனம், ஒன்றையும் விடவில்லை. லாவினியா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். பேச்சு முடிந்ததும் பென்சிலை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டுக் கஞ்சியைக் கிண்டப் போனாள். அன்றைக்கும் கட்டி தட்டித்தான் போனது.

சதுப்பில் நகரம் எழும்பவில்லை. கையிலிருந்தது கரைந்து ஹார்ட்வெல் குடும்பம் நியூயார்க்குக்கே திரும்பியது. வண்டி ஏறும்போது லாவினியா டார்க்கஸைக் கட்டிக்கொண்டு அழுதாள், தகரத் தொட்டி பிலினாவிடமே இருக்கட்டும் என்றாள், போய்விட்டாள். அடுத்த வருஷம் டெட்ராய்ட் போய் வந்த பர்டி கடை வாசலில் நின்று, வாங்கிவந்த புத்தகத்தை ஆட்டிக் கத்தினார்.

"நம்ம ஊரைப் பத்திப் புத்தகமே போட்டிருக்கா அந்தம்மா! ஊருக்கும் நமக்கும் வேற பேரு வெச்சிருக்கா. ஆனா முதல் பக்கத்துலயே நம்ம பாலம் உடைஞ்சு கிடக்கு!"

டார்க்கஸ் மில்லுக்கு ஓடி ஆசாவிடம் சொன்னாள். "நான் எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேங்க. எழுதியிருந்தா என்ன பண்றது? எனக்குப் படிக்கவும் தெரியாது. யாரையாவது படிக்கச் சொன்னா ஊருக்கே கேக்கும்."

ஆசா மாவைத் தட்டிக்கொண்டே, "எழுதியிருந்தா இன்னும் மேற்க போலாம். கல்லைத் தூக்கிக்கிட்டு வந்தவன்தானே நான்" என்றார்.

புத்தகமும் சல்லடை மாதிரித்தான், இரவல் போக வேண்டும். முதல் முறை பிலினாவுக்கு. பிலினா முன்னாள் பள்ளிக்கூடத்து டீச்சர், தொண்டையும் பெரிசு. அவள் வீட்டில் போர்வைத் தையல் நடந்துகொண்டிருந்தது. ஒட்டுத்துணிப் போர்வையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, வலது கையால் மேலே ஊசியைக் குத்தி, இடது கையைப் போர்வைக்கு அடியில் வைத்து ஊசி முனையைத் தொட்டுத் தொட்டு வாங்கித் தைப்பார்கள். அவர்கள் தைக்க, பிலினா நடுவே நின்று வாசித்தாள். பர்டி பீப்பாயில் ஏறிய இடம் வந்ததும் அவர் மனைவி ஊசியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் அவளே வந்துவிட்டாள், சிரிப்பு நின்றுபோனது. பிறகு, குளியல் தொட்டியைக் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒருத்தியும், சமையலறையில் படுத்துறங்கும் அவளுடைய பன்றியும் வந்தார்கள். வாசித்துக்கொண்டே போன பிலினாவின் முகம் பீட்ரூட்டாகியது.

"இது யாரு, நானா? என் பன்னி சமையல்கட்டுலயா தூங்குது? சத்தியமா சொல்றேன், எல்லாம் பொய்! வடிகட்டின பொய்!" அவள் கத்திய சத்தத்தில் அடுப்போரம் படுத்திருந்த பன்றி எழுந்து வெளியே போனது.

மில்லுக்காரரும் வந்தார். 'கட்டைப் பிரம்மச்சாரி, தன் கல்லோடு மட்டுமே குடித்தனம் நடத்துபவர்' என்று எழுதியிருந்தது. எல்லாரும் டார்க்கஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீ யாருடி, அந்தக் கல்லா?" என்றாள் பர்டியின் மனைவி.

டார்க்கஸ் சும்மா சிரித்து வைத்தாள். இதுவரை தன் கதை வரவில்லை என்று நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது. அடுத்தது காய்ச்சல் அத்தியாயம். பிலினா கோபத்தோடேயே வாசித்தாள்: 'அந்த நடுக்கத்தில் நான் தனியாகக் கிடந்தேன். ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அந்தக் காட்டில் யாரும் இல்லை.'

டார்க்கஸ் எழுந்து, அடுப்பில் எதையோ விட்டுவந்ததாகச் சொல்லிவிட்டு வெளியேறினாள். அவள் வீட்டு அடுப்பில் அன்றைக்கு எதுவுமே இல்லை.

"ரகசியத்தை எழுதலதானே? அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?" என்று ஆசா கேட்டார்.

"நான் பயந்தது வேற, இது வேற. யாரும் இல்லியாமே! அப்ப தண்ணி குடுத்தது யாரு, பிலினாவோட பன்னியா?" என்றாள் டார்க்கஸ். "எனக்குத் தெரியும். ஒருத்தனை விட்டுட்டு இன்னொருத்தனோட வந்தவ கையால தண்ணி குடிச்சேன்னு எழுதினா, அவளோட பட்டணத்துச் சிநேகிதிங்க முகம் சுளிப்பாங்க. என்னை நினைச்சு வெட்கப்பட்டிருக்கா."

ஆசா தொப்பியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். ஆனால் அந்த எண்ணம் டார்க்கஸை அரித்தது. பென்சில் பைக்குள் போன அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். பாவப்பட்டு வைத்தாளா, அருவருத்து வைத்தாளா? மாவு சலிக்கும்போதும் துணி அலசும்போதும் இதே கேள்விதான். லாவினியாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றால், எழுதித்தர பிலினாவிடம்தான் போக வேண்டும். அதற்கு நடுத்தெருவில் தமுக்கு அடிக்கலாம்.

புத்தகம் கிழக்கே சக்கைப்போடு போட்டது. இதுதான் அந்த ஊர் என்று எப்படியோ கண்டுபிடித்து, கோடைதோறும் புத்தகமும் கையுமாக ஆட்கள் வந்து, உடைந்த பாலத்தைப் பார்த்து, பன்றியைப் பார்த்து, பர்டியின் கடையில் அவர் எந்தப் பீப்பாய்மேல் நின்றார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பர்டி முதல் வருஷம் சண்டை போட்டார், இரண்டாம் வருஷம் பீப்பாய்க்குச் சாயம் அடித்தார். பிலினா மட்டும் அசையவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "அதுல ஒரு வார்த்தை உண்மை கிடையாது" என்று பைபிள்மேல் கை வைக்காத குறையாகச் சொல்வாள்.

அப்படி ஒரு மத்தியானம், பிலினாவின் வீட்டில் போர்வைத் தையல் நடந்துகொண்டிருந்தபோது, கறுப்புக் கோட்டு போட்ட ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான். கையில் புத்தகம். வழக்கமான வேடிக்கைக்காரன் என்று நினைத்து, "பன்னி வெளில மேயுது, போய்ப் பாருங்க" என்றாள் பிலினா.

"பன்னியைப் பாக்க வரலைங்க. வெர்மாண்ட்லேர்ந்து வர்றேன். ரூஃபஸ் கேல்ங்கிறவர் அனுப்பினார். அவர் சம்சாரம் ஓடிப்போய் வருஷக்கணக்காச்சு. மாமனார் செத்துட்டார், நிலத்தை விக்க அந்தம்மாவோட கைநாட்டு வேணும். ஆளையும் கூட்டிட்டு வரச் சொன்னார். இந்த ஊர்ல வெர்மாண்ட்காரங்க அதிகம்னு புத்தகத்துல இருந்துச்சு, அதான் வந்தேன். நான் அந்தம்மாவைப் பாத்ததில்லை. இடது கைச் சுண்டுவிரல் கோணலா இருக்குமாம்."

டார்க்கஸின் ஊசி துணியில் பாதி இறங்கியபடி நின்றது. அவளுடைய இடது கை எல்லாருடைய இடது கையையும் போலப் போர்வைக்கு அடியில் இருந்தது. அந்த விரலை அந்த அறையில் பார்க்காத பெண் கிடையாது. அந்தக் கையால்தான் அவள் பலரின் பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருந்தாள். ஒருத்தியும் தலையைத் திருப்பவில்லை, ஊசிகள் மட்டும் சற்று வேகமாகப் போய் வந்தன.

பிலினா எழுந்தாள். ஊரின் ரகசியம் எதுவும் ஒரு பொழுது தங்காத வாய் அது.

"புத்தகத்தை முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டாள் பிலினா.

"படிச்சேங்க."

"அப்புறமுமா வந்தீங்க? அந்த லாவினியா ஹார்ட்வெல் இந்த ஊர்ல யாரை விட்டுவெச்சா? என் மானத்தை வாங்கினா, என் பன்னி மானத்தையும் வாங்கினா. அத்தனையும் உண்மைங்க! ஒரு எழுத்து பொய் கிடையாது, பைபிள்ல அடிச்சு சொல்றேன். இங்க ஒரு ஓடிவந்தவ இருந்திருந்தா சும்மா விட்டிருப்பாளா அவ? மூணு அத்தியாயம் எழுதியிருப்பா!"

அந்த ஆள் தயங்கினான். போர்வையைச் சுற்றியிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பார்வை டார்க்கஸிடம் வந்து நின்றது. "இந்தம்மா?"

"அவ என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரர் தம்பி சம்சாரம். ஒஹையோக்காரி, பேச்சு வராது" என்றாள் பிலினா, கண் இமைக்காமல். "காய்ச்சல் வந்த பக்கத்தை எடுத்துப் பாருங்க. தண்ணி குடுக்கக்கூட ஒரு பொம்பளை இல்லாம கிடந்திருக்கா. படிங்க, வாய் விட்டுப் படிங்க."

அவன் பக்கத்தைப் புரட்டி வாய் விட்டே படித்தான். 'ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அந்தக் காட்டில் யாரும் இல்லை.' பிறகு புத்தகத்தை மூடி, "ஆமா. இருந்திருந்தா எழுதியிருப்பாங்கதான்" என்றான். தொப்பியைத் தொட்டு விடைபெற்று, இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று வண்டி ஏறினான்.

அந்த வரியை டார்க்கஸ் இரண்டு வருஷம் முள்ளாகச் சுமந்தவள். அன்றைக்கு அந்நியன் வாயால் கேட்டபோதுதான் விளங்கியது. ஆசாவை ஏன் கட்டைப் பிரம்மச்சாரி ஆக்கினாள் என்பதும் விளங்கியது. ஊரையே அம்பலத்தில் ஏற்றியவள், ஒரே ஒருத்தியை மட்டும் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். இந்த மாதிரி ஓர் ஆள் என்றைக்காவது புத்தகத்தோடு வந்து நிற்பான் என்று அப்போதே நினைத்திருக்கிறாள். டார்க்கஸ் போர்வைமேல் தலையைச் சாய்த்து, பேச்சு வராத ஓரகத்தி என்பதையும் மறந்து, ஓவென்று அழுதாள்.

"அழாதடி, துணி நனையுது" என்றாள் பிலினா. "பொய்ப் புத்தகத்தை உண்மைன்னு சொல்ல வெச்சுட்டியே என்னை! இனிமே வர்றவன்கிட்டயெல்லாம் நான் என்ன சொல்றது?" அந்த விரலைப் பற்றி அவளோ மற்றவர்களோ ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

லாவினியா அதன்பின் இரண்டு புத்தகம் எழுதினாள், இரண்டிலும் டாமரக் இல்லை. நியூயார்க்கில் பள்ளிக்கூடம் நடத்தினாள் என்றும், இறந்துபோனாள் என்றும் செய்தித்தாள் பார்த்து பர்டி சொன்னார். டார்க்கஸ் அன்றைக்குச் சோளக்கஞ்சி காய்ச்சினாள். வேண்டுமென்றே கட்டி தட்டவிட்டு, ஒரு கட்டிகூட மீதியில்லாமல் குடித்தாள்.

வருஷங்கள் போயின. ரூஃபஸ் செத்த சேதி வந்தது. அந்த வாரமே ஆசாவும் டார்க்கஸும் யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாதிரியார் முன்னால் நின்றுவிட்டு வந்தார்கள். பிறகு ஆசாவும் போய்ச் சேர்ந்தார். ஊர் அதற்குள் புத்தகத்தை வைத்துப் பெருமையடிக்கப் பழகியிருந்தது. அதில் வரும் சோம்பேறி என் தாத்தா, இல்லை என் தாத்தா என்று சண்டையே நடக்கும். பிலினாவின் பேத்தி பன்றித் தொழுவத்தில் 'புத்தகத்தில் வந்த பன்றி வாழ்ந்த இடம்' என்று பலகை எழுதி மாட்டினாள்.

லாவினியாவின் வாழ்க்கையை எழுதப்போவதாக ஒரு நகரத்துப் பெண் வந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் மில் வீட்டுக்கும் வந்தாள்.

"நீங்க அவங்களுக்கு ரொம்ப நெருக்கம்னு சொல்றாங்க, பாட்டிம்மா. ஆனா உங்களைப் புத்தகத்துல கண்டுபிடிக்கவே முடியலியே. எந்தப் பக்கத்துல வர்றீங்க?"

"காய்ச்சல் பக்கத்தை எடும்மா" என்றாள் டார்க்கஸ்.

அந்தப் பெண் எடுத்தாள். இரண்டு தரம் படித்தாள். "இதுல யாருமே இல்லைன்னுதானே இருக்கு?"

"ஆமா. அந்த யாருமே இல்லைங்கிறது நான்தான்."

சொல்லிவிட்டு டார்க்கஸ் இடது கையை மேஜைமேல், வெளிச்சத்தில், விரித்து வைத்தாள்.